இது வெள்ளெருக்கா? மொட்டைப் பாருங்கள்

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன வருடம் ஆடியில் சந்தையில் 300 ரூபாய் கொடுத்து, வெள்ளெருக்குக் கன்று என்று ஒன்றை வாங்கி வாசல் ஓரம் வைத்தோம். பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டுப் பூவிலேயே மாலை கட்ட வேண்டும் என்று என் மாமியார் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். இப்போது பூத்திருக்கிறது. தூரத்தில் பார்த்தால் வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இதழின் நுனியிலும் உள்பக்கம் ஊதா. பக்கத்து வீட்டுக்காரர், "இது சாதாரணக் காட்டு எருக்கு, ஏமாந்துட்டீங்க" என்கிறார். விற்றவரைக் கேட்டால் அசல் வெள்ளெருக்கு என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் 4 வயது மகன் இருக்கிறான், இந்தச் செடி இருக்கலாமா? இதன் வேரில் பிள்ளையார் செய்யலாம் என்கிறார்களே, அது எப்படி? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய நாலு படங்களில் மூன்று, விரிந்த பூவை நெருக்கத்தில் எடுத்தவை. நாலாவதில், தற்செயலாகவோ என்னவோ, கொத்தின் ஓரத்தில் விரியாத மொட்டுகள் ஐந்தாறு விழுந்திருக்கின்றன. எனக்கு அந்தப் படம் போதும். உங்கள் வாசலில் நிற்பது வெள்ளெருக்கு இல்லை. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். அவர் சொல்லும் காட்டு எருக்கும் இல்லை அது. இருவருமே கணக்கில் எடுக்காத இன்னொரு எருக்கு.

விற்றவரை உடனே திட்டிவிடாதீர்கள். கன்றாக இருக்கும்போது இவற்றைப் பிரித்துச் சொல்வது எனக்கே கஷ்டம். அதே சாம்பல் பூசிய தடித்த இலை, அதே எதிரெதிர் அடுக்கு, கிள்ளினால் அதே பால். இலையின் வெளுப்பை வைத்து, தண்டின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று சொல்பவர்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். நான் நம்புவதில்லை. அப்புறம் இன்னொரு சிக்கலும் உண்டு. தாவரப் பட்டியல்கள் பலவற்றில் உங்கள் செடியின் அறிவியல் பெயருக்கு எதிரே, தமிழ்ப் பெயர் என்ற இடத்தில், "வெள்ளெருக்கு" என்றே அச்சாகியிருக்கிறது. அந்த மனிதர் அச்சில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் சத்தியத்தில் பாதி பலிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் இருக்கும் எருக்கில் இனம் இரண்டு. ஒன்று கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா. ரயில் பாதை ஓரத்திலும், சுடுகாட்டு வழியிலும், கண்மாய்க் கரையிலும், கடற்கரை மணலிலும் நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பது இதுதான். இதைப் பெரிய எருக்கு என்று வைத்துக்கொள்வோம். மற்றது கலோட்ரோபிஸ் ப்ரோசெரா. தமிழ்நாட்டில் முன்னதைவிடக் குறைவு; உங்கள் பக்கத்தைப் போன்ற காய்ந்த பூமிகளில் தென்படும். இதற்கு எல்லாருக்கும் தெரிந்த தனித் தமிழ்ப் பெயர் கிடையாது என்பதால், இந்தக் கடிதம் முடியும்வரை சின்ன எருக்கு என்று அழைக்கிறேன். செடி சின்னது என்று அர்த்தமில்லை, பூதான் கொஞ்சம் சின்னது. ஜைஜான்டியா என்றால் ராட்சச உருவம், ப்ரோசெரா என்றால் நெடிது வளர்ந்தது. முதலாவதை லின்னேயஸ் 1753லும், மற்றதை லண்டன் கியூ தோட்டத்து எய்டன் 1789லும் விவரித்தார்கள். இரண்டு பேருமே உயரத்தைப் பார்த்து அசந்துபோய்ப் பெயர் வைத்துவிட்டார்கள். அடையாளம் தேடி வருகிறவனுக்கு அந்தப் பெயர்களால் காலணா பிரயோஜனம் இல்லை.

இப்போது நிறம். குழப்பம் எல்லாம் இங்கேதான். பெரிய எருக்கிலேயே இரண்டு நிறச் செடிகள் உண்டு. ஒன்றின் பூ வெளிறிய ஊதா, நம் மக்கள் நீல எருக்கு என்பது. இன்னொன்றின் பூ அடி முதல் நுனி வரை வெள்ளை. கோயிலும் சித்த வைத்தியமும் வெள்ளெருக்கு என்று கொண்டாடுவது இந்த இரண்டாவதைத்தான். தாவரவியல் கணக்கில் இரண்டும் ஒரே இனம். சங்குப்பூவில் நீலமும் இருக்கிறது, வெள்ளையும் இருக்கிறது, இரண்டையும் சங்குப்பூ என்றுதானே சொல்கிறோம், அந்த மாதிரி. உங்கள் செடியோ இனத்திலேயே வேறு. அதன் இதழ் அடியில் வெள்ளை, நுனியில் ஊதா. ஆக, பார்ப்பதற்கு ஒன்றுக்கொன்று தூரமாகத் தெரியும் நீல எருக்கும் வெள்ளெருக்கும் கூடப்பிறந்தவை. வெள்ளெருக்கு மாதிரியே தெரியும் உங்கள் செடி சித்தப்பா பிள்ளை.

அதனால் நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மொட்டைப் பாருங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் பேராசிரியர். முதுகலை படிக்கும்போது மாணவர் ஒவ்வொருவரும் இத்தனை செடி சேகரித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்று உண்டு. நான் ஒரு தாளில் "ஜைஜான்டியா, வெள்ளை" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளி, ஓரத்தில் ஒட்டியிருந்த மொட்டின் மேல் பென்சில் முனையை வைத்து, "இது உருண்டையா, கூம்பா?" என்றார். உருண்டை. அவ்வளவுதான் வகுப்பு. அழுத்தி உலர்த்திய பூ அப்பளம்போல் தட்டையாகிவிடும். இதழ் எப்படி நின்றது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. மொட்டு அப்படி எளிதில் உருமாறிவிடாது.

சின்ன எருக்கின் மொட்டு சுண்டைக்காய்போல் உருண்டை. பெரிய எருக்கின் மொட்டு அடியில் பருத்து, போகப் போகக் கூம்பி, நுனி மழுங்கி நிற்கும். குறுந்தொகையில் மடலேறப் போகிறவன் சூடும் எருக்கங்கண்ணிக்கு "குவிமுகிழ்", அதாவது குவிந்த மொட்டு, என்று அடைமொழி வரும். அந்த ஒரு சொல்லை வைத்து இனத்துக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் எருக்கைச் சொல்ல வந்த இடத்தில் பூவின் நிறத்தை விட்டுவிட்டு மொட்டைப் பிடித்த கண் யாருடையதோ, அவரை எங்கள் துறையில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மகனும் இந்நேரம் மொட்டுகளைக் கண்டுபிடித்திருப்பான். விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் "டப்" என்று வெடிக்குமே, அந்த விளையாட்டைத் தெரியாத கிராமத்துப் பிள்ளை உண்டா? (அவனை ஏன் அதில் விடக்கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.)

அடுத்தது இதழின் நிலை. பெரிய எருக்கில் பூ விரிந்ததும் ஐந்து இதழும் அகலப் பரந்து, பின்பக்கமாக மடங்கும். சில பூக்களில் லேசாக முறுக்கிக்கொண்டும் இருக்கும். நட்சத்திரத்தைத் தட்டில் வைத்ததுபோல நடுவில் இருக்கும் கிரீடம் தனியாக எழுந்து தெரியும். சின்ன எருக்கில் இதழ்கள் அப்படிச் சாய்வதில்லை. கிண்ணம்போல் நிமிர்ந்து நின்று கிரீடத்தைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ஊதா தெரிகிறது என்று. பெரிய எருக்காக இருந்திருந்தால் அந்தச் சிரமமே இருந்திருக்காது, உள்பக்கம் முழுவதையும் வெளியே விரித்துக் காட்டியிருக்கும். முகர்ந்தும் பார்க்கலாம். சின்ன எருக்கின் பூவுக்கு மெல்லிய வாசனை உண்டு. பெரிய எருக்குக்கு வாசனை என்று சொல்லும்படி இல்லை. மூக்கு ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே இதை நான் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வேன், தீர்ப்பாக வைக்க மாட்டேன்.

இன்னும் சந்தேகம் என்றால் கிரீடத்துக்குப் போங்கள். எருக்கம் பூவின் நடுவில் ஒரு ஐங்கோணத் தட்டு இருக்கும், அதைத் தாங்கும் தூணைச் சுற்றி ஐந்து சதைப்பற்றான முட்டுகள் நிற்கும். ஒவ்வொரு முட்டும் பக்கவாட்டில் பார்த்தால் படகின் அடிக்கட்டை மாதிரி, கீழ்முனை நாய்வால்போல் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். கலோட்ரோபிஸ் என்ற கிரேக்கப் பெயரே "அழகிய படகடி" என்பதுதான். 1810ல் இராபர்ட் பிரவுன் வைத்தது. இந்த முட்டின் உச்சியைப் பாருங்கள். பெரிய எருக்கில் உச்சிக்குச் சற்றுக் கீழே இருபுறமும் உருண்டையான இரண்டு தோள்கள் இருக்கும், மேலே பூனைமுடியும் படர்ந்திருக்கும். சின்ன எருக்கில் அந்தத் தோள் கிடையாது. உச்சி இரண்டு கூர்ப் பல்லாகப் பிரிந்து, நடுத் தட்டைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ நிற்கும். வழவழவென்று இருக்கும். பத்து ரூபாய் லென்ஸ் போதும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கினாலும் தெரிகிறது, உங்கள் இரண்டாவது படத்தில் எனக்குப் பல் நன்றாகவே தெரிந்தது.

லென்ஸை எடுத்துவிட்டீர்கள் என்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இது இரண்டு எருக்குக்கும் பொது, ஆனால் பார்க்காமல் விட்டால் எருக்கைப் பார்த்ததாகவே ஆகாது. கிரீடத்தின் இரண்டு முட்டுகளுக்கு நடுவே, ஐங்கோணத் தட்டின் மூலையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கரும்புள்ளி. அதன் கீழே ஒரு மெல்லிய பிளவு. ஊக்கு முனையை அந்தப் பிளவில் கீழிருந்து மேலாக மெல்ல நுழைத்து இழுத்தால், புள்ளி ஊக்கைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். அது ஒரு கிளிப். அதன் இரண்டு பக்கமும் காம்பில் தொங்கும் இரண்டு மஞ்சள் பைகள், தராசு மாதிரி. எருக்கில் மகரந்தம் தூளாக உதிராது; மெழுகுபோல் உறைந்து பையில் கட்டியாக இருக்கும். தேனுக்கு வரும் கருவண்டின் கால் அந்தப் பிளவில் மாட்டும், வண்டு காலை உதறும், கிளிப் காலோடு போகும், அடுத்த பூவில் அதே மாதிரி பிளவில் அந்தப் பை சரியாக உட்கார்ந்தால்தான் காய். ஒரு பூவில் ஐந்து கிளிப், ஐந்து ஜோடிப் பை. இவ்வளவு கறாராக இருப்பதால்தான் கொத்துக் கொத்தாகப் பூத்தும் ஒரு செடியில் காயை விரல் விட்டு எண்ண முடிகிறது. எங்கள் வகுப்பில் ஊக்கோடு உட்கார்ந்த பிள்ளைகளில் முதல் கிளிப்பை எடுத்ததும் "சார்!" என்று கத்தாதவர்களை நான் பார்த்ததில்லை.

காய் வந்ததும் அதையும் ஒப்பிடலாம். பெரிய எருக்கின் காய் வளைந்த படகு மாதிரி, முனை பின்பக்கம் திரும்பியிருக்கும். சின்ன எருக்கின் காய் ஊதிய பலூன், மாங்காய் அளவுக்குப் பெருத்து உருண்டிருக்கும். அமுக்கினால் உள்ளே காற்று. முற்றி வெடித்தால் இரண்டிலும் பட்டுப் பஞ்சு கட்டிய விதைகள் பறக்கும். நாங்கள் சின்ன வயதில் தாத்தா பூச்சி என்று துரத்திப் பிடித்து ஊதி விட்டதெல்லாம் அதுதான்.

இந்த ஊதிய காய்க்குப் பெரிய வரலாறு இருக்கிறது. சின்ன எருக்கு மேற்கத்திய ஆள். வட ஆப்பிரிக்கா, அரேபியா, பாகிஸ்தான், ராஜஸ்தான் என்று பாலைவனப் பட்டை முழுவதும் அதன் சொந்த ஊர். ராஜஸ்தானிலும் அரியானாவிலும் "ஆக்" என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். நம்முடைய பெரிய எருக்கு அங்கே விருந்தாளி. சாக்கடல் ஓரம் சோதோம் பகுதியில், பார்க்கச் சாப்பிடலாம்போல் இருந்து, பறித்தால் கையிலேயே புகையும் சாம்பலுமாகப் போகும் பழம் ஒன்று உண்டு என்று முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதினார். சோதோம் ஆப்பிள் என்று இந்தச் செடிக்கு இங்கிலீஷில் பெயர் வந்தது அந்த வழியில். எகிப்துக்குப் போன இத்தாலிய மருத்துவர் புரோஸ்பெரோ அல்பினி 1592லேயே இதைப் படத்தோடு புத்தகத்தில் ஏற்றிவிட்டார். அரபியில் இதற்கு உஷர் என்று பெயர். நம் "உஷார்" வேறு வழியாக வந்த சொல், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் பாலைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அது ஞாபகம் வந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டுப் பக்கம், மாடு மேய்க்கும் ஃபுலானி பெண்கள் இந்த எருக்கின் சாற்றைத்தான் உறையாகப் பாலில் விட்டு, வகாஷி என்ற பாலாடைக் கட்டி செய்கிறார்கள். வட ஆஸ்திரேலியாவில் புகுந்து, மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு, "ரப்பர் புதர்" என்று திட்டு வாங்குவதும் இதே செடிதான்.

பெரிய எருக்கின் போக்கு கிழக்கே. இந்தியா, இலங்கை தொட்டுத் தென்கிழக்காசியா வரை. தாய்லாந்தில் அதன் பெயர் "டோக் ராக்", காதல் பூ என்று அர்த்தம். கல்யாண மாலையில் வெள்ளை எருக்கைக் கோக்கிறார்கள். ஹவாய்த் தீவுக்கு வெளியிலிருந்து போய், கடைசி அரசி லிலியுவோகலானிக்குப் பிடித்த பூவாகி, இன்றைக்கும் மாலை கட்டுகிறார்கள். நம் ஊரில் "வீட்டில் எருக்கு முளைக்க" என்றால் சாபம். ஆனால் அதே எருக்கின் ஏழு இலையை ரதசப்தமிக்குத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளிப்போம், சதுர்த்திக்கு மாலை வாங்க விடியற்காலையில் கடைத்தெருவுக்கு ஓடுவோம். விருத்தாசலம் பக்கம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊரான திருஎருக்கத்தம்புலியூரில் தலவிருட்சமே வெள்ளெருக்குதான். ஒரே செடியிடம் இவ்வளவு மரியாதையும் இவ்வளவு பயமும் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அது பால்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் மழுப்பப் போவதில்லை. நிறம் எதுவானாலும், இனம் எதுவானாலும், எருக்கம்பால் விஷம். உள்ளே போனால் வாந்தியில் தொடங்கி இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய பொருள்கள் அதில் இருக்கின்றன. அதைவிட அடிக்கடி நடப்பது கண்ணில் தெறிப்பது. பூ பறிக்கும்போது காம்பிலிருந்து பால் விரலில் படும், அதே விரலால் கண்ணைக் கசக்குவோம். மோசம் என்னவென்றால் பல பேருக்கு வலியே பெரிதாக இருக்காது. பால் விழியை மரக்கச் செய்துவிடும். வலிக்கவில்லையே என்று படுத்துத் தூங்கி, எழுந்தால் எல்லாம் மூட்டமாகத் தெரியும். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலம் வீங்கிவிடுவதால் வருகிற மங்கல் அது. நானே ஒருமுறை மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று மொட்டை நசுக்கி, அன்று சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி வானவில் பார்த்தேன். சரியாகிவிட்டது, ஆனால் அந்த மூன்று நாளும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். செடி வாசலில் வேண்டாம், வேலி ஓரம் இருக்கட்டும். மொட்டு வெடிக்கும் விளையாட்டை இந்த வயதில் மகனுக்குப் பழக்க வேண்டாம். உங்கள் மாமியார் மாலை கட்டும் அன்றைக்கு, பூ பறிப்பவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், அதுவரை முகத்தைத் தொட வேண்டாம். யார் கண்ணிலாவது பட்டுவிட்டால், தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் கண்ணில் ஊற்றாமல், ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, வலி இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். எருக்கம்பால் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

வெட்டி எறிந்துவிடலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். எனக்கு மனசு வராது. அந்த இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் போட்ட புழு ஒன்று கட்டாயம் இருக்கும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. எந்த விஷம் நம் கண்ணைக் கெடுக்கிறதோ அதையே தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை அதைக் கொத்திப் பார்த்த பறவை மறுமுறை வராது. மஞ்சளும் நீலமும் வரி போட்ட வெட்டுக்கிளியும் வரலாம். தொட்டால் அது ஒரு நீரைப் பீச்சும், அதற்கும் எட்டி நில்லுங்கள். இந்த இரண்டு ஜீவனுக்கும் பெரிய எருக்கு, சின்ன எருக்கு என்ற பேதமே கிடையாது. நாம்தான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வேர்ப் பிள்ளையார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் நுழைய மாட்டேன். செடியைத் தெரிந்தவனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். தோண்டி எடுத்துச் சீவிக் காய வைத்த எருக்கு வேரைக் கையில் கொடுத்து, இது வெள்ளையா, நீலமா, சின்ன எருக்கா என்று கேட்டால், வெறும் கண்ணால் பார்த்து என்னால் சொல்ல முடியாது. விற்பவராலும் முடியாது. வெள்ளெருக்கு நார்த் திரி என்று பாக்கெட்டில் வருவதற்கும் அதே கதைதான். பூத்து நின்ற செடியை நீங்களே பார்த்து, அதிலிருந்து எடுத்தால் ஒழிய, காசு கொடுப்பது பேச்சுக்குத்தான். அப்படி எடுக்க வேண்டுமானால் செடி போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மாமியாரின் மாலைக்கு வழி இருக்கிறது. இந்தச் சதுர்த்திக்கு வீட்டுப் பூவையே கட்டுங்கள் என்று என் வாயால் சொல்ல ஆசைதான். அவர் ஒப்புக்கொள்வாரா என்று உங்களுக்குத்தான் தெரியும். வெள்ளெருக்கேதான் வேண்டும் என்றால், இனிமேல் கன்று வாங்காதீர்கள். பூத்து நிற்கும் வெள்ளெருக்கு எந்தக் கோயிலிலோ தோட்டத்திலோ இருக்கிறது என்று விசாரித்து, அதிலிருந்து முற்றிய கிளையில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு சாண் நீளம் கேட்டு வாங்குங்கள். விதையை நம்ப வேண்டாம், வண்டு எந்தச் செடியின் பையைத் தூக்கி வந்ததோ நமக்குத் தெரியாது. கிளையை நட்டால் தாய்ச் செடி எதுவோ அதுவே வரும். வெட்டிய இடத்தில் பால் வடிந்து உலரும்வரை நிழலில் ஒரு நாள் போட்டு வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். தினமும் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், வறண்ட மண்ணின் செடி, ஈரம் தங்கினால் அழுகிவிடும்.

கிளை கேட்கப் போகும்போது வெள்ளையாக இருக்கிறதே என்று உடனே வெட்டிவிடாமல், ஒரு கொத்தைத் திருப்பி, மொட்டு கூம்பியிருக்கிறதா, விரிந்த இதழ் பின்னால் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு.